இடி இடித்தாலும் அணைக்காத பெட்டிகள்

சின்னமனூரில் முதல் டிஷ்ஷை மொட்டைமாடியில் ஏற்றியவன் நான். மின்கம்பத்தில் வயர் கட்டக் கூடாது என்று மின்வாரியக்காரர்கள் விரட்டியபோது, திராட்சைப் பந்தல் கம்பி மேலேயே கேபிளை ஓட்டித் தோட்டம் தோட்டமாகத் தாண்டியவன் நான். கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத் தண்ணீர் பட்டு வயர் முனையெல்லாம் பச்சை பூத்துப்போகும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை மாட்டி அதற்கும் வழி கண்டேன். முல்லையாற்றில் தண்ணீர் நிறைந்து போன நாளில் நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி அக்கரைக்கு எறிந்து வயரை இழுத்தேன். முதல் கல் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த யாரோ ஓர் அம்மாவின் வாளியில் விழுந்தது. வசவு வாங்கிக்கொண்டே இரண்டாவது கல்லைக் கட்டினேன். உத்தமபாளையம், கம்பம், பண்ணைப்புரம் என்று எல்லாத் திசைக்கும் என் வயரில் படம் போனது. பிறகு இன்டர்நெட் வந்தது, அதையும் அதே வயரில் ஓட்டினேன். பிறகு கண்ணாடி இழை. தலைமுடியைவிட மெல்லிசான அந்த இழையை ஒட்டுகிற மிஷினை இந்தப் பள்ளத்தாக்கில் சொந்தமாக வாங்கி வைத்த முதல் கேபிள்காரன் நான்தான். இல்லையென்று சொல்ல ஆள் இருந்தால் வரட்டும்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், மிஷின்மேல் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது எச்சரிக்கை என்று தெரியும். அதற்குமேல் கேட்காதீர்கள். இதைக்கூடப் போனில் பேசி எழுத்தாக்கி, தப்பான இடத்தை விரலால் தட்டித் தட்டித் திருத்திக்கொண்டிருக்கிறேன். கண் வலிக்கிறது. முட்டி வலிக்கிறது. கம்பம் ஏறி இறங்கிய முட்டி, இப்போது வீட்டுப் படி இறங்கவே யோசிக்கிறது.

மேலே சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும். டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்துகிற இலவச மென்பொருள் எப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது, யார் வயரில் போனது, யார் பெட்டியில் இருந்து போனது என்பது. அந்த மென்பொருளைத் திறந்தால் ‘உருவாக்கியவர்கள்’ என்று ஒரு பக்கம் வரும். அதில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் இல்லை. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன்.

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர். நல்ல மனுஷி, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவரும் அவர் மாணவர்களும், எங்கெங்கோ வெளிநாட்டில் இருக்கிற முகம் தெரியாத ஆட்களும் சேர்ந்து பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு மென்பொருள் தொகுப்பைத் தயார் செய்தார்கள். லினக்ஸ் என்பார்களே, அந்த வகை. தூக்கிப் போட வேண்டிய பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். தமிழில் தட்டச்சு, படம் வரைவது, கணக்கு, பூகோளம், எல்லாம் அதற்குள் உண்டு. அதைச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கேட்டு என் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். டிஷ்ஷும் மிஷினும் இருக்கிற அறைக்குக் கேபிள்காரர்கள் வைத்த பெயர் அது.

அவர் சொன்னதில் ஒன்றுதான் எனக்கு நம்ப முடியவில்லை. இதை யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். கொடுக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ‘காப்பி எடுத்தால் ஜெயில்’ என்ற எச்சரிக்கையைப் பார்த்தே தொழில் செய்தவன் நான். கொடுப்பதற்கென்றே ஒருவன் ராப்பகலாக உட்கார்ந்து எழுதுகிறான் என்றால், அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“பேர் கிடைக்கும்யா,” என்றார் அந்த அம்மா. “யாரு செஞ்சாகளோ அவுக பேரு அதுலயே இருக்கும். எத்தன கை மாறினாலும் பேர அழிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிசன்.”

அந்தச் சொல் என் மனதில் விழுந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சரி என்று சொன்ன பிறகுதான் சிக்கல். வெளியூரில் இருந்து எனக்கு வருகிற இன்டர்நெட் லைன் அப்போது ஒல்லி. ஊருக்குள் நான் போட்ட வயரோ தடிமன், பாதி நேரம் சும்மா கிடக்கும். மென்பொருள் என்பது ஒரே மூட்டை கிடையாது. சின்னச் சின்னப் பொட்டலங்கள், பேக்கேஜ் என்பார்கள். தட்டச்சுக்கு ஒன்று, அது ஓட இன்னொன்று, எழுத்துருவுக்கு வேறொன்று. மாதம் தவறாமல் எதிலாவது திருத்தம் வரும். திருத்தம் வந்ததும் பள்ளிக்கூடம், டியூஷன் சென்டர், கம்ப்யூட்டர் கடை என்று எல்லாரும் அதே பொட்டலத்தை அந்த ஒல்லி லைனில் இழுப்பார்கள். அன்றைக்கு மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. வாடிக்கையாளர்கள் போன் போட்டு என்னைக் கிழிப்பார்கள். ஒருவர், ‘அண்ணே, நீங்க நெட்டு விக்கிறீகளா, பொறுமை விக்கிறீகளா’ என்றே கேட்டுவிட்டார்.

உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு சிநேகிதர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை. ஊருக்கு அவர் பாய், எனக்கு மாப்ள, அவருக்கும் நான் மாப்ள. யார் பெண்ணை யார் கட்டினோம் என்று கேட்காதீர்கள், பழக்கத்தில் வந்த முறை. மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறக்கிற நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தேன்.

“மாப்ள, ஒரே சாமானத்த எத்தன தடவ வெளியூர்ல இருந்து எறக்குறது? ஒருத்தன் வீட்ல எறங்குனத உள்ளுக்குள்ளயே பங்கு வச்சுக்கிட்டா என்ன?” என்று கேட்டேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அதுக்குப் பேருதான் டோரண்ட்டு. தெரிஞ்சு கேக்குறியா, தெரியாமக் கேக்குறியா?”

தெரியாமல்தான் கேட்டேன். கேள்வி என்னுடையது, வழி அவருடையது. அவர் பங்கை நான் மறைக்க மாட்டேன். மறைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

அவர் விளக்கினார். ஒரு பொட்டலத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது. எனக்கு ஒரு துண்டு வந்தால், மீதி வருவதற்குள்ளேயே அந்தத் துண்டை அடுத்தவனுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடலாம். அவனிடம் இருக்கிற வேறு துண்டை நான் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் மனிதன் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. வழியில் கெட்டுப்போனாலோ, யாராவது உள்ளே எதையாவது திணித்தாலோ, கைரேகை ஒத்துப்போகாது. கம்ப்யூட்டரே தூக்கி எறிந்துவிட்டு வேறு ஆளிடம் கேட்கும். எத்தனை பேர் வாங்குகிறார்களோ அத்தனை பேரும் கொடுப்பவர்கள். கூட்டம் சேரச் சேர வேகம் கூடும். என் தொழிலில் கூட்டம் சேர்ந்தால் வேகம் குறைந்துதான் பார்த்திருக்கிறேன். இது தலைகீழாக இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன். வெளியில் இருந்து ஒரு தடவை, அதன்பிறகு எல்லாம் என் வயருக்குள்.

செய்தும் காட்டினோம். திருத்தம் வந்த அன்று வெளி லைன் சும்மா இருந்தது, ஊருக்குள் பொட்டலம் பறந்தது. கல்லூரி அம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

திருட்டுப் படம் இறக்குகிறவர்களுக்கும் இதே வழிதான். டோரண்ட் என்ற சொல்லால் வந்த தொல்லை அப்போதே ஆரம்பித்துவிட்டது. பாய் கடையில் டோரண்ட் ஓடுகிறது என்று எப்படியோ கசிந்து, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெற்றிலை மண்டிக்காரர் ஒருவர் கடையைச் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, காதோடு காதாக, நேற்று ரிலீசான படம் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். பாயும் ரகசியக் குரலிலேயே, தமிழ்த் தட்டச்சு புதுசு வந்திருக்கிறது, பெருக்கல் வாய்ப்பாடு வந்திருக்கிறது, வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அவர் கடைசிவரை நம்பவில்லை. வேண்டியவர்களுக்கு மட்டும் படம் கொடுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

உண்மையான சோதனை ஐப்பசியில் வந்தது.

டோரண்ட்டில் ஒரு விதி உண்டு. வாங்கி முடித்தவன் தன் கம்ப்யூட்டர் பெட்டியை அணைக்காமல் கொஞ்ச காலம் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்தவனுக்குக் கிடைக்கும். எங்கள் பக்கம் என்ன பழக்கம் என்றால், மேகமலைமேல் முதல் இடி இடித்ததும் வீட்டில் இருக்கிற ஆள் எழுந்து எல்லா வயரையும் பிடுங்கிவிடும். ப்ளக், கேபிள், இன்டர்நெட் வயர், எல்லாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பிடுங்குவார்கள். மழை விட்ட பிறகும் மாட்ட மாட்டார்கள். அடுத்த இடி வந்தால் என்ன செய்வது என்று அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மத்தியானத்துக்குமேல் பள்ளத்தாக்கில் ஒரு பெட்டியும் உயிரோடு இருக்காது.

அந்தப் பழக்கத்தை இந்த ஊருக்குப் பழக்கியது யார் தெரியுமா? நான்தான். செம்புக் கம்பி காலத்தில் இடி வயர் வழியாக இறங்கி டிவி எரியும். எரிந்த டிவியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். அதனால் என் லோக்கல் சேனலில் வருடக்கணக்காக ஓடவிட்டேன்: இடி இடித்தால் வயரைப் பிடுங்குங்கள். கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, எது ஓடினாலும் கீழே அந்த வரி ஓடும். என் பேச்சை ஊர் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு டிவியும் எரியவில்லை. சொல்லப்போனால் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தலைவர் சொல்லியும் ஜனங்கள் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

இப்போது அதே ஜனங்களிடம் பிடுங்காதே என்று சொல்ல வேண்டும். செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போட்டுவிட்டேன். அதில் போவது வெளிச்சம், கரண்டு கிடையாது, இடி அந்த வழியாக வராது. லோக்கல் சேனலில் புது வரி ஓடவிட்டேன். ஒருவரும் மதிக்கவில்லை. முதல் இடிக்கு என் வீட்டிலேயே வயர் தொங்கியது. பிடுங்கியது என் மனைவி.

“இத்தன வருசமா பிடுங்கு பிடுங்குன்னு கத்துனீக. இப்பப் பிடுங்காதங்கிறீக. நாளைக்கு எதச் சொல்லுவீகளோ, எனக்கென்ன தெரியும்?” என்றாள். “டிவி எரிஞ்சா வேற வாங்கலாம். நீங்க அங்கிட்டுக் கம்பத்துல தொங்குறப்ப இங்கன வீடு எரிஞ்சா என்ன செய்ய?”

அவளிடமே தோற்ற பிறகு, ஊரிடம் வீடு வீடாகத்தான் போக வேண்டும் என்று புரிந்தது. போனேன். கையில் ஒரு துண்டு இழை, ஒரு டார்ச் லைட். இந்த முனையில் டார்ச்சைப் பிடித்து அந்த முனையில் வெளிச்சப் பொட்டு தெரிவதைக் காட்டினேன். டிவி ப்ளக்கை வேண்டுமானால் பிடுங்குங்கள், கம்ப்யூட்டரையும் இந்தச் சின்ன இன்டர்நெட் பெட்டியையும் மட்டும் இன்வெர்ட்டரில் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டுவார்கள். நான் தெருமுனை திரும்புவதற்குள் ஓர் இடி இடிக்கும். பிடுங்கிவிடுவார்கள்.

அதனால் நானே பெட்டிகளை வைத்தேன். பாய் பழைய கம்ப்யூட்டர்களில் இருந்து தேறியதை எடுத்து, அணைக்க வேண்டாத பெட்டிகளாகக் கட்டிக்கொடுத்தார். கண்ட்ரோல் ரூமில் ஒன்று. பண்ணைப்புரத்தில் ஒரு மாவு மில்லில் ஒன்று. அதன்மேல் மாவு படிந்து வெள்ளையாகிவிடும், போகும்போதெல்லாம் ஊதித் துடைப்பேன். கம்பத்தில் ஒரு டீக்கடையின் சாமி படத்துக்குக் கீழே ஒன்று. வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒன்று. அவர் லைன் வேறு ஆளுடையது, அந்த ஆளைக் கையைக் காலைப் பிடித்து என் லைனோடு சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தில் தாள் ஒட்டினேன்: இடி இடித்தாலும் அணைக்காதே. டீக்கடைக்காரர் அதை வாசித்துவிட்டு, பிடுங்கச் சொல்லிப் பழக்கியவரே நீங்கள்தானே, இது உங்களுக்கா எனக்கா என்று கேட்டார்.

மேகமலைக்கு லைன் கிடையாது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற வாத்தியார் ஒருவர் மேலே இருந்தார். அவருக்குப் பொட்டலங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, சின்னமனூரில் இருந்து மேலே போகிற ஜீப்பில் கொடுத்தனுப்பினோம். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், மனிதனுக்கே உள்ளே இருப்பது இடம் மாறும். டிஸ்க்கில் சில துண்டு கெட்டுப்போய்ச் சேர்ந்தது. முதல் தடவை வாத்தியார் முழுவதும் வீண் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பாய் போனில் அவருக்குச் சொன்னார்: கம்ப்யூட்டரைக் கைரேகை பார்க்கச் சொல்லுங்கள், கெட்டது எது என்று அதுவே காட்டும், அதை மட்டும் மறு ஜீப்பில் அனுப்புகிறோம். அப்படியே நடந்தது. கொஞ்ச நாளில் அவரே கீழே அனுப்பவும் ஆரம்பித்தார். பிள்ளைகள் வரைந்த யானைப் படங்களை ஒரு பொட்டலமாக்கி அனுப்பினார், அது தொகுப்பில் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் என் தொழில் தேய்ந்துகொண்டே வந்தது. எல்லார் கையிலும் போன். பெரிய கம்பெனிகள் இரவோடு இரவாகக் கம்பம் நட்டு லைன் இழுத்துக்கொண்டு போயின. டிவி பார்க்கிறவர்கள் வயசானவர்கள் மட்டும்தான் என்று ஆனது. பாயும் கடையைப் பாதியாகச் சுருக்கி, முன்பக்கம் போன் கவர் விற்கத் தொடங்கினார். நான் மட்டும் மொபெட்டில் பெட்டி பெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எலி கடித்த வயர், தென்னை மட்டை விழுந்து அறுந்த இழை, இன்வெர்ட்டரில் தண்ணீர் இல்லை. ஏன் செய்கிறேன் என்று எனக்கே சில நாள் தெரியாது. போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

அப்படியிருந்தபோதுதான் தொகுப்பின் பெரிய பதிப்பு வெளியாகிற விழா. கல்லூரியில் வைத்தார்கள். எனக்கும் பாய்க்கும் அழைப்பு வந்தது. வெள்ளை வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பாயும் அத்தர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எஸ்டேட் வாத்தியாரும் மலையிறங்கி வந்திருந்தார். திரையில் அந்தப் பக்கம் மேலே நகர்ந்தது. உருவாக்கியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், படம் வரைந்தவர்கள், பிழை பார்த்தவர்கள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘கொண்டுசேர்த்தவர்கள்’ என்று வந்ததும் முன்னால் குனிந்தேன். கல்லூரி சர்வர் என்று இருந்தது. அதன் கீழே, மற்றும் உள்ளூர் நண்பர்கள் என்று இருந்தது. அதோடு முடிந்து கைதட்டிவிட்டார்கள்.

கல்லூரி சர்வர் லீவு நாளில் அணைந்திருக்கும் என்பது எனக்கும் பாய்க்கும் தெரியும். அதை அங்கே வைத்து நான் பேசவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அந்த அம்மாவிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவருக்கு முகம் வாடிவிட்டது.

“ஐயா, நீங்க செஞ்சது எனக்குத் தெரியாதா? அந்த டோரண்ட்டுங்கிற பேருதான் பிரச்சினை,” என்றார். “இதப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடணும்னா மேல இருக்கவுக சம்மதிக்கணும். அந்தப் பேரப் பாத்தா திருட்டுப் படம்னு நெனச்சுத் தூக்கிப் போட்ருவாக. எல்லாரோட உழைப்பும் வீணாப் போயிரும்.”

“அப்ப எம் பேரு மட்டும் போடலாமே. டோரண்ட்ட விட்ருங்க.”

“கேபிள்காரர் இதுல என்ன செஞ்சார்னு கேப்பாகய்யா. அப்பச் சொல்லித்தான ஆகணும்? உள்ளூர் நண்பர்கள்னு போட்டிருக்கோம்ல, அது உங்கள நெனச்சுத்தான் போட்டது.”

“உள்ளூர் நண்பர்னா யாரு தாயி?” என்றேன். “டீக்கடையில உக்காந்து ஓசிப் பேப்பர் படிக்கிறவரும் உள்ளூர் நண்பர்தான். பேர அழிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிசன்னு நீங்கதான என்கிட்டச் சொன்னீக?”

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்தார். சாப்பிடாமல் வந்துவிட்டேன். பாய் சாப்பிட்டுவிட்டு வந்தார். பிரியாணி சுமார்தான் என்று எனக்காகச் சொன்னார்.

வழியில் பஸ்ஸில் அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். “ஒரு நா அணைச்சுப் போடு மாப்ள. அடுத்த திருத்தம் வர்ற அன்னைக்குப் பாத்து எல்லாப் பெட்டியையும் அணை. போன் மேல போன் வரும். யாரு தோள்ல ஏறி நிக்கிறோம்னு அப்பத் தெரியும் அவுகளுக்கு.”

அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்ததும் திருத்தம் வந்தது. காலையிலேயே மொபெட்டை எடுத்தேன். மாவு மில்லில் அணைத்தேன். டீக்கடையில் அணைத்தேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்னண்ணே, இடி இடிக்கிறப்பக்கூட அணைக்க விடமாட்டீக, இன்னைக்கு இந்த வெயில்ல அணைக்கிறீக?” என்றார். ரிப்பேர் என்றேன். வடுகபட்டிக்குப் போன் போட்டுப் பூண்டு மண்டிக்காரரை அணைக்கச் சொன்னேன். கண்ட்ரோல் ரூமுக்கு வந்து, லைனை விட்டுவிட்டு அங்கிருந்த அந்தப் பெட்டியை மட்டும் அணைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மத்தியானம் மலைமேல் மேகம் கட்டியது. இடி இறங்கியது, மழை பிடித்தது. இனி ஒரு பெட்டியும் உயிரோடு இருக்காது, வரும் போன் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு போன் வந்தது. கிரிக்கெட் சேனல் தெரியவில்லை என்று ஒரு தாத்தா. அவருக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அதன்பிறகு யாரும் இல்லை. மேகமலை வாத்தியார்கூடக் கூப்பிடவில்லை.

மழை விட்டதும் பொறுக்க முடியாமல் உத்தமபாளையம் போனேன். பாய் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பினார். திருத்தம் முழுதாக இறங்கியிருந்தது. துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று பக்கத்திலேயே காட்டியது. பண்ணைப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டர். கம்பத்தில் பள்ளிக்கூடம் ஒன்று. நான் டார்ச் அடித்துக் காட்டிய வீடுகள். கெஞ்சிவிட்டுத் திரும்பிய வீடுகள். என் பெட்டி ஒன்றுகூட அதில் இல்லை. மேகமலைக்கான டிஸ்க்கைப் பண்ணைப்புரத்துக்காரர்களே ஏற்றி, மத்தியான ஜீப்பில் அனுப்பிவிட்டார்களாம்.

“ஒருத்தனும் பிடுங்கல மாப்ள,” என்றார் பாய். “இந்த இடியிலயும் எல்லாரும் போட்டே வச்சிருக்காக. நீ சொன்னத எப்பவோ கேட்டுட்டாக. நமக்குத்தான் தெரியல.”

அவர் டீ சொன்னார். குடித்தோம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். கூடவே ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரியும் இருந்தது. நான் அணைத்தால் எல்லாம் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நான் இல்லாமலும் ஓடுகிற மாதிரி நானே கட்டிவிட்டிருக்கிறேன். நின்றிருந்தால் கேபிள்காரர் எங்கே என்று தேடியிருப்பார்கள். நிற்காததால் தேடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “யாரும் தேடலையாக்கும்?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். மறுநாள் போய் எல்லாப் பெட்டியையும் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போதும் ஓடுகின்றன. இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று தெரிந்தே ஓடவிட்டிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பெட்டியை அணைத்துக் காட்டி நிரூபிக்கிற வழி எனக்கு அடைபட்டுவிட்டது. இனி எழுத்தில் போட்டால்தான் உண்டு. இன்னும் கொஞ்ச காலத்தில் என் வயரையும் பெரிய கம்பெனி அறுத்துப் போடும், என் முட்டியும் மொபெட்டில் ஏறாது. அதன்பிறகு பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்த்தது கல்லூரி சர்வர் என்றே நிலைத்துவிடும்.

கல்லூரி அம்மாவுக்கும், இந்தத் தொகுப்பைச் செய்கிற முகம் தெரியாத எல்லாருக்கும் நான் கேட்பது இதுதான். மேலே இருப்பவர்களுக்குப் பயந்தது போதும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதில்தான் தட்டச்சுப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அந்த உள்ளூர் நண்பர்களை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் என் பெயரை இனிஷியலோடு முழுதாகப் போடுங்கள். பக்கத்தில் உத்தமபாளையத்து பாயின் பெயரைப் போடுங்கள். பள்ளத்தாக்கு முழுக்க டோரண்ட் வழியாகக் கொண்டுசேர்த்தவர்கள் என்று, அந்தச் சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். நான் படித்துப் பார்ப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன்.